இலை எண்ணிய வீடு

அருமை மதினிக்கு, உங்கள் கைச்சோற்றை உண்டே இந்த வயதுவரை வந்து சேர்ந்தவன் எழுதுவது.

ஆடி பிறந்துவிட்டது. மேற்கே மலை இருக்கிற சுவடே தெரியாமல் மேகம் இறங்கியிருக்கிறது. வாசலில் போய் நின்றால் முகம் நனைகிறது. ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறதாம். ஆனால் நம் வீட்டுக்கு இந்த வருஷம் ஒருவரும் வரவில்லை. ஒருவரும் என்றால் ஒருவரும்தான். சாரல் காலத்தில் நம் கூடத்தில் ஒரு விருந்தாளிகூட இல்லை என்று கேட்டால் உங்களுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஏன் இப்படி ஆயிற்று என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்லி நீங்கள் கேட்பது நல்லது.

தென்காசியில் இப்போது ஒரு தரப்புக் கதைதான் உலவுகிறது. அதனால் இந்தக் கடிதத்தை, மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவரிடம் கொடுக்கிறேன். என் பேரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அளவுக்குத்தான் என் துணிச்சல். நீங்கள் அறியாததா?

நீங்கள் போன பிறகு யுத்தம் முடிந்துவிட்டது, மதினி. ரேஷன் முடியவில்லை. நம் வீட்டு ரேஷன் கார்டில் மூன்று பேர் இருக்கிறோம். உங்கள் இளைய மருமகள் உலகம்மாள், அவள் மகள் மீனா, நான். புருஷனை இழந்து இந்த வீட்டிலேயே இருந்துவிட்ட உலகம்மாளிடம், கண்ணை மூடுவதற்கு முன் அடுக்களைச் சாவியைக் கொடுத்தீர்கள். ஜில்லா போர்டு ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற என்னிடம், “தம்பி, கணக்க மட்டும் விட்டுராதீக” என்றீர்கள். விடவில்லை. அரிசி, பருப்பு, புளி, எண்ணெய், விறகு எல்லாம் அன்றன்றைக்கு எழுதினேன். குத்தகை நெல்லும் என் பென்ஷனும் வரவு. கார்ப் பருவ அறுவடை வரைக்கும் நெல் தாங்க வேண்டும். தாங்கும் என்றுதான் கணக்கும் சொன்னது.

அப்போதுதான், போன வருஷம் ஆனி பிறந்த கையோடு, உங்கள் மூத்த மகன் சண்முகம் மதுரையிலிருந்து வந்து இறங்கினான். வக்கீல். கேஸ் இல்லாத வக்கீலுக்கு எந்த மாதமும் விடுமுறைதான். கூடவே பெண்டாட்டி, பிள்ளைகள், மைத்துனன், மைத்துனன் பெண்டாட்டி, வக்கீல் நண்பர்கள் இரண்டு பேர், அந்த நண்பர்களில் ஒருவரின் மாமனார். அந்த மாமனார் எதற்கு வந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

அவர்களுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் நம் வீட்டு நல்லெண்ணெயைத் தலைக்கும் உடம்புக்கும் வழிய வழியத் தேய்த்துக்கொள்வார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் குற்றாலம் போவார்கள். அருவியில் நிற்பார்கள். பசி எடுக்கும். அங்கேயே காப்பி கிளப்பில் இட்லியும் தோசையும் தின்பார்கள். மறுபடி அருவி. பிறகு வீட்டுக்கு வந்து, விரதம் இருந்து வந்தவர்களைப் போல இலைக்கு முன்னால் உட்கார்வார்கள். “குத்தாலத் தண்ணிக்கு நல்லாப் பசிக்குதுல்லா!” என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வார்கள். பசிப்பது பெரிய வித்தை என்பது போல. மாலையில் காப்பி, பலகாரம். இரவுக்கு மறுபடி உலை. ரேஷன் சர்க்கரை நாலே நாளில் தீர்ந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தபோது மைத்துனன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தான், கஷாயத்தை வைப்பது போல.

இதையெல்லாம் நான் குறையாகச் சொன்னால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். சாரலுக்கு வருகிறவர்களுக்கு உலை வைப்பதுதான் இந்த வீட்டுக்கு அழகு என்று வாழ்ந்தவர் நீங்கள். நான் கணக்கெழுதத் தொடங்கிய புதிதில், இத்தனை படி அரிசி, இத்தனை இலை என்று ஒழுங்காக எழுதிக் காட்டினேன். நீங்கள் பென்சிலைப் பிடுங்காத குறை.

“தம்பி, எத்தனை படி பொங்குனோம்னு எழுதுங்க. எத்தனை எலை போட்டோம்னு எழுதப்பிடாது. தின்னவன எண்ணுனா அவன் வயித்துக்கும் ஆவாது, நம்ம வீட்டுக்கும் ஆவாது.”

அன்றிலிருந்து நம் கணக்கில் அரிசி உண்டு, இலை கிடையாது. எனக்கு அது கணக்காகவே படவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது, எழுதினேன். அப்படி எழுதியதுதான் உலகம்மாளின் கழுத்துக்கு வந்தது.

ஆடி முதல் வாரம் சண்முகம் என்னிடம் கணக்கை வாங்கிப் பார்த்தான். அடுத்த நாள் ஒரு தாளோடு வந்தான். கோடு போட்டு, கட்டம் கட்டி, தலைப்பில் ‘பட்ஜெட்’ என்று எழுதிய தாள். எந்தப் பருப்பு எவ்வளவு, எந்த வாரம் எத்தனை காய் என்று சகலமும் அதில் இருந்தது. புளி என்ன விலை விற்கிறது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. புளிக்கும் ஒரு கட்டம் இருந்தது. கிளப்பில் அவர்கள் தின்ற தோசைக்குக்கூட ஒரு கட்டம் போட்டு, ‘ஆரோக்கியம்’ என்று எழுதியிருந்தான். அந்தக் கட்டத்தில் மட்டும் வெட்டிக் குறைப்பதற்கு ஒன்றும் இல்லையாம்.

“சித்தப்பா, ஆனியில மட்டும் எவ்வளவு அரிசி ஆயிருக்கு, பாத்தீகளா?”

“பாத்தேன்யா. நான்தான எழுதுனேன்.”

“வீட்ல இருக்குதது மூணு பேர். மூணால வகுத்துப் பாத்தேன். ஆவரேஜ் ஆளுக்குத் தினம் ரெண்டு படி வருது. மீனாக்குட்டி தினம் ரெண்டு படி அரிசிச் சோறு திங்காளா?”

பி.ஏ., பி.எல்., மதினி. தான் தின்றதைத் தன் தம்பி மகளின் தலையில் எழுதுகிறான். அது அவனுக்கே தெரியவில்லை. தெரிந்து செய்திருந்தால்கூடக் கெட்டிக்காரன் என்று கொஞ்சம் மதித்திருப்பேன்.

நான் மென்று விழுங்கி, “இல்லய்யா, நீங்கள்லாம் வந்திருக்கீகள்லா, அதான்” என்றேன்.

“நாங்க எங்க சித்தப்பா வீட்ல சாப்பிடுதோம்? பாதி நாளு குத்தாலத்து கிளப்லல்லா திங்கோம். வீட்ல வந்து ஏதோ பேருக்கு ஒரு வாய். எங்களுக்கு இத்தனை படின்னு எங்க எழுதியிருக்கு? எவிடென்ஸ் காட்டுங்க.”

காட்ட என்ன இருக்கிறது? நீங்கள் எழுத விடவில்லையே.

அதற்குப் பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதை எழுதவே கை கூசுகிறது. செங்கோட்டைப் பக்கம் திருவிதாங்கூர் எல்லை. எல்லையைத் தாண்டிவிட்டால் அரிசிக்கு இரட்டை விலை. கூடைக்காரிகள் மடியில் கட்டிக்கொண்டு போவதும் பிடிபடுவதும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. “இந்த வீட்டுப் பின்வாசலும் செங்கோட்டைக்குத்தான் தொறந்திருக்கும் போல” என்றான். உலகம்மாள் அரிசி விற்கிறாளாம்.

அதனால் அவன் ஏற்பாடு செய்துவிட்டான். உலகம்மாளும் மீனாவும் கடையத்தில் அவள் தகப்பனார் வீட்டுக்குப் போய்விட வேண்டியது. அவரோ மகன் சம்பாத்தியத்தில் ஒண்டிக்கொண்டு மருமகளிடம் பேச்சு வாங்குகிற மனிதர். வீட்டைக் கீழப்பாவூர்க்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட வேண்டியது. அவர் ஜவுளி வியாபாரி. பிள்ளைகளைத் தென்காசியில் படிக்க வைக்க வீடு தேடிக்கொண்டிருந்தார். எனக்கு மாடி அறை. கிளப்பிலிருந்து மாதக் கணக்கில் எடுப்புச் சாப்பாடு.

“ஒங்களுக்கு என்ன சித்தப்பா கொறச்சல்? ராஜா மாதிரி இருக்கலாம்” என்றான். அடுக்குப் பாத்திரத்தில் ஆறிப்போன சாம்பாரோடு ஒரு ராஜா.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? “யோசிப்போம்யா” என்றேன். என்னைவிட அந்தக் கூடத்துத் தூண் உறுதியாக நின்றது.

உலகம்மாளுக்கு அவள் ஓரகத்தி, சண்முகத்தின் பெண்டாட்டியே போய்ச் சொல்லிவிட்டாள், செங்கோட்டை உட்பட. அவள் அழவில்லை. அன்று இரவுக்கு வழக்கம் போல அரிசி களைந்து போட்டாள். என்னிடம் மட்டும் வந்து, “மாமா, கடையத்துல நானும் மீனாவும் எங்கன படுக்கது? எங்க அண்ணன் பொண்டாட்டி காலையில எந்திரிச்சதும் அடுப்பப் பாப்பாளா, எங்கள முறைப்பாளா?” என்று கேட்டாள். கொஞ்சம் நின்று, “போவச் சொன்னாப் போறேன். திருடின்னு சொல்லி அனுப்பாதீக” என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கீழப்பாவூர்க்காரர் வீடு பார்க்க வந்தார். அவரையும் ஐந்தருவிக்கு அழைத்துப் போய்விட்டு, எல்லாரும் மத்தியானம் திரும்பினார்கள். தலை துவட்டாமல் ஈரம் சொட்டச் சொட்டக் கூடத்தில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. உலகம்மாள் பரிமாறினாள். கீழப்பாவூர்க்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே நிலைவாசலையும் உத்தரத்தையும் அண்ணாந்து விலை மதித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம் போலச் சுவரோரம், கையில் சிட்டைத் தாளும் பென்சிலுமாக நின்றேன்.

சண்முகம் மூன்றாம் முறை சோறு கேட்டான். உலகம்மாள் போட்டாள். அவன் கீழப்பாவூர்க்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“அண்ணாச்சி, இந்த வீட்ல மூணு பேருக்குத் தினம் ஆறு படி அரிசி ஆவுது. எங்க போவுதுன்னு தெரியல. நாளைக்குக் காலை பஸ்ல ஒரு முடிவு கட்டுதேன்.”

உலகம்மாள் கையிலிருந்த அன்னக்கரண்டி அப்படியே நின்றது. அவ்வளவு பேர் முன்னால். ஊரான் முன்னால்.

எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன், எனக்குப் பழக்கமில்லாத பொருள் அது. கணக்குத் தப்பாக இருக்கிறதே என்ற எரிச்சலாகத்தான் இருக்கும். சுவரை விட்டு நகர்ந்து சண்முகத்தின் இலைக்கு நேரே போய் நின்றேன். பென்சிலை நீட்டினேன்.

“ஒண்ணு” என்றேன்.

“என்ன சித்தப்பா?”

பக்கத்து இலைக்கு நகர்ந்தேன். “ரெண்டு.” அது அவன் மைத்துனன். “மூணு.” மைத்துனன் பெண்டாட்டி.

“சித்தப்பா, என்ன செய்யுதீக? சாப்பிடுத எடத்துல!”

“எவிடென்ஸ் கேட்டேல்லா. எழுதுதேன். நாலு. அஞ்சு.”

என் குரல் நடுங்கியது, மதினி. வாய் மட்டும் நிற்கவில்லை. பிள்ளைகளின் இலையையும் விடவில்லை. எதற்கு வந்தோம் என்று தெரியாத அந்த மாமனாரிடம் வந்தபோது அவர், “நான் மோரோட நிறுத்திட்டேனே” என்றார், ஏதோ தள்ளுபடி கிடைக்கும் என்பது போல. அவரையும் சேர்த்தேன். கடைசி இலை கீழப்பாவூர்க்காரருடையது. “பதினொண்ணு” என்றேன். ஒவ்வொரு இலைக்கும் நேராகப் பேரை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

கீழப்பாவூர்க்காரர்தான் முதலில் எழுந்தார். முகம் சிவந்து போயிருந்தது.

“வக்கீல் தம்பி, என்னைய விருந்துக்குக் கூப்பிட்டேரா, கணக்கெடுக்கக் கூப்பிட்டேரா?”

“அண்ணாச்சி, சித்தப்பாவுக்கு வயசாயிட்டு, தப்பா எடுத்துக்கப்பிடாது.”

“சோத்து எலைய எண்ணுத வீட்ல எம் பிள்ளைகளக் குடிவைக்கவா? எண்ணுன எடத்துல அன்னம் தங்குமாவே? சும்மா குடுத்தாலும் எனக்கு இந்த வீடு வேண்டாம்.”

கை கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினார். போனவர் போனவர்தான். பாருங்கள், மதினி. ஒரு விதவையையும் ஒரு குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டுக் காலியாகிற வீடு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதில் குடியேற அவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. இலையை எண்ணியதில்தான் அவருடைய தர்மம் புண்பட்டது. இப்படிப்பட்ட மனிதர்களிடம் நல்ல பேர் வாங்கத்தானா நீங்கள் அத்தனை ஆடி மாதங்களும் புகையில் கண் கலங்கினீர்கள்?

சண்முகம் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். “அம்மா பேரக் கெடுத்துட்டீக சித்தப்பா” என்றான். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு ஆள் போயிற்று. இரண்டு படிக் கணக்கை இனிமேல் அந்தக் கூடத்தில் யார் முன்னாலும் சொல்ல முடியாது. அவன் நண்பர்களே தங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே எல்லாரும் குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்கு மாறிப் போனார்கள். மறுநாள் காலைக் கடையம் பஸ் உலகம்மாள் இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. பட்ஜெட் தாளை மறந்து விட்டுப் போயிருந்தான். உலகம்மாள் அதை அடுப்புப் பற்ற வைக்க எடுத்துக்கொண்டாள். நல்ல தாள், உடனே பற்றியது.

அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இந்த வயதிலும் அப்படி ஒரு ஆசை. எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்து எதிரே நின்றாள்.

“மாமா, கணக்கு தப்பு.”

“எங்கனம்மா தப்பு?”

“பதினொண்ணுன்னு எழுதிட்டீக. நான் இன்னும் சாப்பிடல. மீனாவும் சாப்பிடல. நீங்களும் சாப்பிடல. அடுக்களையில திங்கவுகளுக்கு எலை கெடையாதாக்கும்?”

நான் சிட்டையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மீதிச் சோறு எவ்வளவு என்று கேட்டேன். பானையில் அடிப்பற்றுதான் இருந்தது. ஆனி முழுக்க அவள் அதைத்தான் தின்றிருக்கிறாள். தினம் இரண்டு படி அரிசியைக் கடத்தியவளின் சாப்பாடு அது. நீங்கள் இருந்த காலத்தில் நீங்களும் அதைத்தான் தின்றீர்களோ? எனக்குத் தெரியாது, மதினி. நான் கேட்டதே இல்லை. படித்தவன், கணக்கன், அதே வீட்டில் இருந்தவன், கேட்டதில்லை.

இப்போது செய்திகள். சண்முகம் இந்த ஆடிக்கும் குற்றாலம் வந்திருக்கிறானாம். பங்களாவில் தங்கியிருக்கிறான், நம் பக்கம் வரவில்லை. திருநெல்வேலியிலிருந்து உங்கள் சித்தி பிள்ளைகள் வருஷம் தவறாமல் வருவார்களே, அவர்கள் சத்திரத்தில் இறங்கிவிட்டார்கள். கடைத்தெருவில் என்னைக் கண்டதும் அவர்களில் ஒருவன், “என்ன அத்தான், எங்களயும் எண்ணப் போறீகளா?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றிற்று, எனக்கு எப்போதும் அப்படித்தான். ‘இலை எண்ணுத வீடு’ என்றுதான் இப்போது நம் வீட்டுக்கு அடையாளம் சொல்கிறார்களாம். தபால்காரருக்குக்கூட அது போதும் போலிருக்கிறது.

நீங்கள் ஆயுசு முழுவதும் சேர்த்த பேரை நான் ஒரு பந்தியில் தீர்த்துவிட்டேன். அது தப்பா? ராத்திரி படுத்தால் தப்பு என்று தோன்றுகிறது. காலையில் மீனா தட்டில் சூடாகச் சோறு விழும்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பேர் யாருக்குச் சோறு போட்டது, மதினி? தின்றுவிட்டுப் போனவர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டா போனார்கள்? உலகம்மாளுக்கு ஒரு சொல் தேவைப்பட்ட அன்று அந்தப் பேர் எங்கே இருந்தது?

குத்தகை நெல் கார் அறுவடை வரை வரும் போலிருக்கிறது. மிஞ்சினாலும் மிஞ்சும். கணக்குச் சிட்டையில் இப்போது அரிசிக்கு முன்னால் பேர்களை எழுதுகிறேன். உலகம்மாள் முதலில். அவள் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் அந்த வரியை எழுதுவது. சில நாள் பொய் சொல்லப் பார்க்கிறாள், பிறகு சாப்பிடுகிறேன் என்று. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறேன். “ஒங்க தொல்லை பெருந்தொல்லை மாமா” என்று திட்டிக்கொண்டே உட்காருகிறாள்.

உங்கள் பேரை மீட்டுத் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன், அது என்னால் ஆகாது. வேறொரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை உலகம்மாள் இந்த வீட்டில் இருப்பாள். அவளை எழுந்து போகச் சொல்லி யார் வந்தாலும், உங்கள் மகனே வந்தாலும், முடியாது என்று சொல்ல அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்க மாட்டேன். எனக்கு நடுங்கும். நடுங்கிக்கொண்டே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கேட்காமலே உங்கள் அடுக்களை வழக்கத்தை மாற்றிவிட்ட,
உங்கள் கொழுந்தன்.